வருமான வரி ரீஃபண்ட்: ஏன் குறைகிறது, எங்கே சிக்குகிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஆண்டுச் சம்பளம் 9 லட்சம், புதிய வரி முறை. 2024-25 நிதியாண்டுக்குக் கம்பெனி 33,800 ரூபாய் டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரி, பிடித்துவிட்டது. எஃப்.டி. வட்டி 60,000 ரூபாய்க்கு வங்கியும் 6,000 பிடித்திருக்கிறது. அந்த 6,000 திரும்ப வரும் என்று ரிட்டர்ன் போட்டால், 'குறையுள்ள ரிட்டர்ன்' என்று நோட்டீஸ் வந்தது. திருத்தப் போனால் 240 ரூபாய் கட்டச் சொல்கிறது. அம்மாவுக்கு வரவேண்டிய 28,000 'ரீஃபண்ட் ஃபெயில்ட்' என்று நிற்கிறது. அதே சம்பளம் வாங்கும் நண்பருக்கோ பிடித்த பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. அவருடைய ஏஜெண்ட்டிடம் போகலாமா என்பது கடைசிக் கேள்வி. இதற்கு நடுவில் வருமான வரித் துறையின் இணையதளமான போர்ட்டல் வேறு பாதியில் வெளியே தள்ளுகிறது.

பல வருடங்களாக மற்றவர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்து வருகிறேன். இந்தக் குழப்பங்களில் பெரும்பாலானவை ரிட்டர்னை அனுப்புவதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. பெங்களூருவில் இருக்கும் மையச் செயலாக்க மையத்தில், அதாவது சிபிசியில், உங்கள் ரிட்டர்னை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர். தன்னிடம் இருக்கும் எண்ணும் நீங்கள் கொடுத்த எண்ணும் பொருந்துகின்றனவா என்றுதான் அது பார்க்கும். உங்கள் நியாயம் அதற்குத் தெரியாது. அதனால் எண்கள் பொருந்துகின்றனவா என்று அதற்கு முன்பே நாம் பார்த்துவிட வேண்டும்.

முதலில் உங்கள் 240 ரூபாய். இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. வங்கி 10 சதவீதம் பிடித்ததோடு அந்த வட்டிக்கான வரி முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். நிறையப் பேர் நினைப்பதும் இதுதான். வங்கி பிடிப்பது வரிக்கான முன்பணம் மட்டுமே. உண்மையான வரி, உங்கள் மொத்த வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தெரியும். போட்டுப் பார்ப்போம்.

சம்பளம் 9,00,000. நிலையான கழிவு 75,000 போக 8,25,000. அந்த ஆண்டின் புதிய முறைப்படி முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை. 3 முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. மீதி 1,25,000-க்கு 10 சதவீதம், 12,500. ஆக 32,500. அந்த வரியின்மேல் 4 சதவீதக் கூடுதல் வரியான செஸ் 1,300. மொத்தம் 33,800. உங்கள் கம்பெனி பைசா பிசகாமல் இதைத்தான் பிடித்திருக்கிறது. கம்பெனிக்கு உங்கள் எஃப்.டி. பற்றித் தெரியாது, நீங்களும் சொல்லவில்லை.

இப்போது வட்டி 60,000-ஐச் சேருங்கள். வருமானம் 8,85,000 ஆகிறது. வரி 38,500, செஸ் 1,540, மொத்தம் 40,040. பிடித்திருப்பது 33,800-உம் 6,000-உம் சேர்ந்து 39,800. வித்தியாசம் 240. நீங்கள் 10 சதவீத அடுக்கில் இருப்பதால் வட்டிக்கும் 10 சதவீத வரிதான், அதோடு செஸ். வங்கி செஸ் பிடிப்பதில்லை. அந்தச் செஸ்தான் இந்த 240. இதுவே 30 சதவீத அடுக்கில் இருப்பவராக இருந்தால் அதே 60,000 வட்டிக்கு இன்னும் 12,720 ரூபாய் கையிலிருந்து கட்டியிருக்க வேண்டும்.

நோட்டீஸ் ஏன் வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ரிட்டர்ன் படிவத்தில் வட்டித் தொகை முன்கூட்டியே நிரம்பி வந்திருக்கும். வங்கிதான் வரி பிடித்துவிட்டதே என்று அதை அழித்துவிட்டு, 6,000 டிடிஎஸ்ஸை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். வருமானத்தைக் காட்டாமல் அதன்மேல் பிடித்த வரியை மட்டும் கேட்டால் 139(9) பிரிவின்படி குறையுள்ள ரிட்டர்ன் ஆகிவிடும். பதில் சொல்ல 15 நாள் அவகாசம். பயப்பட வேண்டிய நோட்டீஸ் அல்ல, ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டால் ரிட்டர்னே செல்லாததாகிவிடலாம். 240-ஐச் சுய மதிப்பீட்டு வரியாகக் கட்டி, சலான் விவரத்தைப் போட்டு, வட்டியைச் சேர்த்துத் திருத்திய ரிட்டர்னை அந்த நோட்டீஸுக்குப் பதிலாகவே அனுப்புங்கள். போர்ட்டலில் 'இ-ப்ரொசீடிங்ஸ்' பகுதியில் அதற்கான இடம் இருக்கிறது.

இனிமேல் ரிட்டர்ன் போட உட்காரும்போது கம்பெனி கொடுக்கும் டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் போர்ட்டலிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வையுங்கள். 26ஏஎஸ்ஸில் உங்கள் பான் எண்ணில் யார் எவ்வளவு வரி கட்டியிருக்கிறார்கள் என்று இருக்கும். 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் இன்னும் விரிவானது. சேமிப்புக் கணக்கு வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை என்று நீங்கள் மறந்துபோனதெல்லாம் அதில் இருக்கும். அதில் தவறான தகவல் இருந்தால் அந்தத் தகவலுக்கு நேராகவே 'இது என்னுடையது இல்லை', 'தொகை சரியில்லை' என்று பதில் பதியலாம். ஜாயின்ட் எஃப்.டி.யில் முதல் பெயர் உங்களுடையதாக இருந்து, பணம் அப்பாவுடையதாக இருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும்.

ஏப்ரல் மாதமே ரிட்டர்ன் போட்டுவிட வேண்டும் என்று துடிப்பவர்களும் உண்டு. கடைசிக் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்யக் கம்பெனிக்கும் வங்கிக்கும் மே 31 வரை நேரம் இருக்கிறது. ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை. அதற்கு முன்னால் 26ஏஎஸ் பாதிதான் நிரம்பியிருக்கும். ஜூன் கடைசியில் போடுவதுதான் என் வழக்கம். அப்போது எண்கள் வந்து சேர்ந்திருக்கும், கூட்டமும் சேர்ந்திருக்காது.

ஒருவேளை கம்பெனி உங்கள் சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவே இல்லை என்றால்? இது நடக்கிறது, சின்ன நிறுவனங்களில் அதிகமாகவே நடக்கிறது. அப்போது 26ஏஎஸ்ஸில் ஒன்றும் இருக்காது, ரீஃபண்டுக்குப் பதில் வரிப் பாக்கியைக் கட்டச் சொல்லி டிமாண்ட் வரும். வருமான வரிச் சட்டத்தின் 205-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. சம்பளத்தில் பிடிக்கப்பட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது அது. ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் நம்மிடம் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் கையில் வந்த தொகை, முடிந்தால் கம்பெனியின் கடிதம். மாதாமாதம் வரும் சம்பளச் சீட்டை வேலையை விட்ட பிறகு தேடாதீர்கள். கம்பெனி மெயில் போனால் அதுவும் போய்விடும்.

அடுத்து அம்மா. இவருடைய பணத்தைத்தான் நான் முதலில் மீட்கச் சொல்வேன். மூத்த குடிமக்கள் இப்படி விட்டுவைத்திருக்கும் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. உங்கள் அம்மாவின் வருமானம் 2,80,000 ரூபாய் வட்டி மட்டும். வரி இல்லாத வரம்புக்குள் வருவதால் அவருக்கு வரியே கிடையாது. 'எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்' என்று வங்கிக்குச் சொல்லும் 15ஹெச் படிவம் கொடுக்காததால் வங்கி 28,000 பிடித்துவிட்டது. ரிட்டர்ன் போட்டதும் துறை முழுத் தொகையையும் ஒப்புக்கொண்டு அனுப்பியும் விட்டது. அதை வாங்க வேண்டிய வங்கிக் கணக்கில்தான் தடங்கல்.

'ரீஃபண்ட் ஃபெயில்ட்' என்று வந்தால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. கணக்கு போர்ட்டலில் முன்கூட்டியே சரிபார்க்கப்படாமல், அதாவது 'ப்ரீ-வேலிடேட்' ஆகாமல் இருக்கும், அல்லது வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி பழையதாக இருக்கும், அல்லது பெயர் பொருந்தாமல் இருக்கும். அம்மாவின் கணக்கு முன்பு லக்ஷ்மி விலாஸ் வங்கியில் இருந்தது என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன்னால் அதே ஆண்டு ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், கார்ப்பரேஷன் வங்கியும் ஆந்திரா வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஐஎஃப்எஸ்சி மாறியது. பாஸ்புக்கில் பழைய எண்ணே இருக்கும், நாமும் அதைப் பார்த்தே நிரப்புவோம். பணம் போய் முட்டித் திரும்பிவிடும். அதனால் இப்போதைய ஐஎஃப்எஸ்சி என்ன என்று வங்கியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெயர்ச் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்தது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் வங்கியில் 'எஸ். கமலா' என்று இருப்பவர் பான் அட்டையில் 'கமலா சுந்தரம்' ஆகிவிடுவார், ஆதாரில் வெறும் 'கமலா'. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் அப்பாவிடமிருந்து கணவருக்கு மாறியிருந்தால் இன்னும் சிக்கல். மூன்று ஆவணத்தில் மூன்று பெயர் என்றால் வேலிடேஷன் தோற்றுப்போகும். இதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. பான் அட்டையில் இருக்கிற மாதிரியே வங்கிக் கணக்கில் பெயரை மாற்றச் சொல்லிக் கிளையில் ஒரு கேஒய்சி படிவம் கொடுப்பதுதான் இருப்பதிலேயே எளிது. பான் எண்ணும் கணக்கோடு சேர்ந்திருக்க வேண்டும்.

அது முடிந்ததும் போர்ட்டலில் 'மை பேங்க் அக்கவுன்ட்' பகுதியில் அந்தக் கணக்கை மறுபடி வேலிடேட் செய்து, ரீஃபண்டுக்கு என்று தேர்ந்தெடுங்கள். பிறகு 'சர்வீசஸ்' பகுதியில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை கொடுங்கள். ரிட்டர்னை மறுபடி போட வேண்டியதில்லை. இந்தக் கோரிக்கையையும் ஆதார் ஓடிபி போன்ற ஏதாவது ஒன்றால் உறுதி செய்தால்தான் அது போய்ச் சேரும். பலர் கொடுத்துவிட்டு இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

அம்மாவின் பானும் ஆதாரும் இணைந்திருக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள். இணைக்காதவர்களின் பான் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தது. செயலிழந்த பான் எண்ணுக்கு ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்தால் மறுபடி உயிர் பெறும்.

ஆம், ரீஃபண்டுக்கு வட்டி உண்டு. 244ஏ பிரிவின்படி மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டிருந்தால் ஏப்ரல் 1-இலிருந்து கணக்கு. 28,000 ரூபாயைச் செப்டம்பரில் அனுப்பினால் ஆறு மாதத்துக்கு 3 சதவீதம், அதாவது 840 ரூபாய் சேர்ந்து வரும். தாமதமாகப் போட்டவருக்கு ரிட்டர்ன் போட்ட தேதியிலிருந்துதான் வட்டி. ரீஃபண்ட் தொகை உங்கள் மொத்த வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. வந்த வட்டி, வந்த ஆண்டின் வருமானம். அடுத்த ரிட்டர்னில் அதைக் காட்ட வேண்டும். துறையே கொடுத்த வட்டி என்பதால் அது ஏஐஎஸ்ஸில் கண்டிப்பாக இருக்கும்.

இந்த ஆண்டிலிருந்து அம்மாவுக்காக ஏப்ரலிலேயே வரி பிடிக்க வேண்டாம் என்ற படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் டிடிஎஸ். அம்மாவுக்கு அதையும் தாண்டுவதால் படிவம் தேவை. ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக.

ரீஃபண்ட் ஏன் இவ்வளவு நாள் என்று எரிச்சல்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். எளிய ரிட்டர்ன்கள் சில நாட்களிலேயே முடிந்துவிடுவதும் உண்டு. ஆனால் சட்டம் சிபிசிக்குக் கொடுத்திருக்கும் அவகாசம், ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம். 2025 செப்டம்பரில் போட்ட ரிட்டர்னுக்கு 2026 டிசம்பர் 31 வரை. இவ்வளவு நீண்ட அவகாசம் நியாயமில்லை என்பதே என் கருத்து. வரியை நாம் மாதாமாதம் கட்டிவிடுகிறோம், 15 நாளில் நோட்டீஸுக்குப் பதில் சொல்கிறோம். அரசுக்கு மட்டும் ஏன் ஓராண்டுக்கு மேல்? ஆனாலும் சட்டம் அதுதான். அதற்குள் காத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, ரிட்டர்னை இ-வெரிஃபை, அதாவது ஓடிபி போன்ற ஒன்றால் ஆன்லைனில் உறுதி, செய்தோமா என்பது. போட்ட 30 நாளுக்குள் செய்யவில்லை என்றால், வெரிஃபை செய்த தேதிதான் ரிட்டர்ன் போட்ட தேதியாகக் கணக்கில் வரும். அது கெடுவைத் தாண்டினால் அபராதம், பழைய வரி முறை வாய்ப்பும் போய்விடும்.

செயலாக்கம் முடிந்ததும் அதன் முடிவைச் சொல்லும் 143(1) இன்டிமேஷன் மெயிலில் வரும். அதில் பக்கம்பக்கமாக இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். ஒன்றில் நீங்கள் சொன்ன எண், அடுத்ததில் சிபிசி கணக்கிட்ட எண். எந்த இடத்தில் இரண்டும் வேறுபடுகின்றனவோ, அங்கேதான் உங்கள் ரீஃபண்ட் குறைந்த காரணம் இருக்கிறது. பலர் கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் புலம்புகிறார்கள். சிபிசி பக்கம் தவறு என்றால் 154 பிரிவின் கீழ் திருத்தம் கேட்கலாம், ஆன்லைனிலேயே.

சில சமயம் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் ரீஃபண்ட் வராது, பழைய ஆண்டு டிமாண்ட் ஒன்று அதை விழுங்கியிருக்கும். 245 பிரிவின்படி முன்கூட்டியே கடிதம் அனுப்பிப் பதில் கேட்ட பிறகே அப்படி ஈடுகட்டலாம். அந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 2009-10 நிதியாண்டு வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட டிமாண்டுகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000-க்கு உட்பட்டவற்றையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். அதில் அடங்காத பழைய டிமாண்ட் இருந்தால் ரிட்டர்ன் போடும் முன்பே போர்ட்டலில் பார்த்துத் தீர்த்துவிடுவது நல்லது.

சரி, போர்ட்டல். 2021 ஜூன் 7 அன்று புதிய தளம் வந்தபோது அது பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது எவ்வளவோ தேவலை, ஆனால் கடைசி நாட்களில் திணறுவது நிற்கவில்லை. 2025-இல் கெடுவை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளினார்கள், அப்போதும் கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் நீட்ட வேண்டியிருந்தது. பாதியில் வெளியே தள்ளினால் கோபப்படுவது நியாயம்தான். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து, தளத்திலேயே நிரப்பாமல் ஆஃப்லைன் யூட்டிலிட்டியை இறக்கி, முன்கூட்டி நிரம்பிய தகவலை அதில் ஏற்றி, நிதானமாக நிரப்பி, ஜேசன் ஃபைலாக ஏற்றிவிடுவது. அப்புறம், ஆதாரில் இருக்கும் மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று ரிட்டர்ன் போடும் நாளுக்கு முன்பே பாருங்கள். ஓடிபி பழைய எண்ணுக்குப் போனால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக நண்பரின் 33,800. இது முழுக்க நியாயமான ரீஃபண்டாகவும் இருக்கலாம். அவருக்கு வீட்டுக் கடன் இருந்து, வட்டி மட்டும் 2 லட்சம் கட்டியிருந்து, பிஎஃப், எல்ஐசி எல்லாம் சேர்ந்து சேமிப்புக்கான கழிவுப் பிரிவான 80சி-யில் 1.5 லட்சம் நிரம்பியிருந்தால், பழைய முறையில் நிலையான கழிவு 50,000-உம் போக வருமானம் சரியாக 5 லட்சம். குறைந்த வருமானக்காரர்களுக்கான 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். கம்பெனி புதிய முறைப்படி பிடித்ததெல்லாம் திரும்பிவிடும். கெடுவுக்குள் போட்டால் ரிட்டர்னிலேயே முறையை மாற்றிக்கொள்ளச் சம்பளக்காரர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் வீட்டுக் கடனே இல்லாமல் இந்த எண்களை ஏஜெண்ட் போட்டிருந்தால், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ரீஃபண்டில் பங்கு கேட்கிறவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இல்லாத வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை எல்லாம் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தந்தவர்களைக் குறிவைத்து 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது, அதில் தமிழ்நாடும் உண்டு. இப்போது படிவமே கடன் கணக்கு எண், பாலிசி எண் எல்லாம் கேட்கிறது. பிடிபட்டால் பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், பொய்த் தகவல் என்று முடிவானால் அந்த வரியின் இரண்டு மடங்கு அபராதம். ரிட்டர்னில் இருப்பது உங்கள் கையெழுத்து, ஏஜெண்ட் அன்றைக்கு போனை எடுக்க மாட்டார். உங்கள் கணக்குக்கு ஏஜெண்ட்டும் தேவையில்லை, ஆடிட்டரும் தேவையில்லை. பங்கு விற்பனை, வெளிநாட்டுச் சொத்து, தொழில் வருமானம் என்று வந்தால் மட்டும் நல்ல ஆடிட்டரிடம் கட்டணம் கொடுத்துப் போங்கள்.

'உங்கள் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள், அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். ரீஃபண்ட் வேலிடேட் செய்த கணக்குக்குத் தானாக வரும், அதற்காகத் துறை கார்டு எண்ணோ பின் எண்ணோ கேட்பதில்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். 2024-25 வருமானத்துக்குப் போட்ட உங்கள் ரிட்டர்னுக்கும் அம்மாவின் ரிட்டர்னுக்கும் 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும், நான் மேலே சொன்ன எண்களும் அதில் உள்ளவைதான். 139(9) நோட்டீஸின் 15 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் அந்த 240-ஐக் கட்டுங்கள். பிறகு அம்மாவின் பான் அட்டையையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போங்கள்.